பேக்லோஃபென் திரவ மருந்து: சரியாக அளப்பது, கொடுப்பது, திடீரென நிறுத்தாமல் இருப்பது

பக்கவாதம் வந்தவர், முதுகுத்தண்டில் அடிபட்டவர், நரம்புகளின் மேலுறை சிதையும் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் நோய் உள்ளவர், பெருமூளை வாதத்தோடு பிறந்த குழந்தை. இவர்களுக்கெல்லாம் கை கால் விறைத்து, நீட்டவும் மடக்கவும் முடியாமல் முறுக்கிக்கொள்ளும்போது டாக்டர்கள் பரவலாக எழுதும் தசைத் தளர்த்தி பேக்லோஃபென். மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்கும், மூக்குக் குழாய் அல்லது வயிற்றுக் குழாய் வழியாகச் சாப்பிடுபவர்களுக்கும், எடைக்குத் தகுந்தபடி கொஞ்சம் கொஞ்சமாக அளவு மாற்றவேண்டிய குழந்தைகளுக்கும் அதைத் திரவமாகத் தருவார்கள்.

நம் வீடுகளில் பாட்டிலில் வரும் மருந்து எல்லாமே 'டானிக்'தான். அந்தப் பெயரே இங்கே ஆபத்து. சத்து டானிக்கை ஒரு கரண்டி கூடக் குடித்தாலும் ஒன்றும் ஆகாது, நாலு நாள் மறந்தாலும் ஒன்றும் ஆகாது. பேக்லோஃபெனில் இரண்டுமே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடும்.

இந்த மருந்து தசையில் நேரடியாக வேலை செய்வதில்லை. முதுகுத்தண்டில் காபா-பி என்ற ஏற்பிகளை (மருந்து போய் ஒட்டும் நரம்பு இடங்களை) தூண்டி, தசைக்குப் போகும் 'இறுகு இறுகு' என்ற நரம்புக் கட்டளையை அடக்குகிறது. 1962-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் வலிப்பு நோய்க்காக உருவாக்கப்பட்டது. வலிப்புக்குப் பெரிதாக உதவவில்லை, விறைப்பைத் தளர்த்துவதில்தான் பலன் தெரிந்தது. நரம்பு மண்டலத்தில் வேலை செய்வதால்தான் தூக்கம், தலைசுற்றல், குழப்பம் எல்லாம் கூடவே வருகின்றன.

படி 1: டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை

முதலில் சிறுநீரகம். பேக்லோஃபெனின் பெரும்பகுதி மாறாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீரகம் பழுதாக இருந்தால் மருந்து உடம்பிலேயே தேங்கும். மற்றவருக்குச் சாதாரணமான அளவே இவருக்கு விஷ அளவாகிவிடும். கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) கூடுதலாக இருப்பவர், டயாலிசிஸ் செய்பவர், பல வருட சர்க்கரை நோயாளி ஆகியோர் கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

வலிப்பு நோய், மனநோய்க்கான சிகிச்சை, வயிற்றுப் புண், சிறுநீர் இறங்குவதில் சிரமம், கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது ஆகியவற்றையும் சொல்லுங்கள். தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, நரம்பு வலிக்கான காபாபென்டின், டிரமடால் போன்ற வலி மாத்திரை, பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா என்று சாப்பிடுவது எதுவாக இருந்தாலும் அட்டையோடு காட்டுங்கள்.

படி 2: பாட்டிலில் முதலில் பார்க்க வேண்டியது 'செறிவு'

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மி.கி. என்பது மருந்தின் எடை. மி.லி. என்பது அது கரைந்திருக்கும் திரவத்தின் அளவு. இரண்டும் ஒன்றல்ல. ஒரு மி.லி.-இல் எத்தனை மி.கி. இருக்கிறது என்பதுதான் செறிவு. உலகில் விற்கும் பேக்லோஃபென் திரவங்கள் ஒரே செறிவில் வருவதில்லை. 5 மி.லி.-க்கு 5 மி.கி., 5 மி.லி.-க்கு 10 மி.கி., 5 மி.லி.-க்கு 25 மி.கி. என மூன்று விதமாகக்கூட உண்டு. டாக்டர் ஒரு வேளைக்கு 10 மி.கி. எழுதியிருந்தால் முதல் பாட்டிலில் 10 மி.லி., இரண்டாவதில் 5 மி.லி., மூன்றாவதில் 2 மி.லி. எடுக்க வேண்டும்.

கணக்கு சுலபம்: வேண்டிய மி.கி.-ஐ, 1 மி.லி.-இல் இருக்கும் மி.கி.-ஆல் வகுங்கள். லேபிளில் '5 மி.லி.-க்கு 10 மி.கி.' என்றிருந்தால் 1 மி.லி.-இல் 2 மி.கி. அதனால் 10-ஐ 2-ஆல் வகுத்து 5 மி.லி.

தவறு எங்கே நடக்கிறது? பழைய பாட்டில் தீர்ந்து, கடையில் வேறு கம்பெனி பாட்டில் தரும்போது. வீட்டில் கை பழகிவிட்டது: '10 மி.லி., மூன்று வேளை.' புதுப் பாட்டில் ஐந்து மடங்கு செறிவானது என்றால் அதே 10 மி.லி.-இல் 50 மி.கி. உள்ளே போய்விடும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி அனுப்பும் பாட்டிலிலும் இதே சிக்கல்தான். ஒவ்வொரு புதுப் பாட்டிலையும் புது மருந்தாகவே நினைத்து லேபிளைப் படியுங்கள். மருந்துக்கடைக்காரரிடம் 'எத்தனை மி.லி. தரணும்?' என்று மட்டும் கேட்காமல், 'எத்தனை மி.கி.-க்கு எத்தனை மி.லி.?' என்று கேளுங்கள். பதிலை மார்க்கர் பேனாவால் பாட்டில் மேலேயே எழுதி வையுங்கள்.

டாக்டர் சீட்டில் வெறும் '5 மி.லி. 1-1-1' என்றிருந்தால் மி.கி.-ஐயும் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

படி 3: எதால் அளப்பது

சமையலறை ஸ்பூன் கூடாது. 'டீஸ்பூன் என்றால் 5 மி.லி.' என்பது ஏட்டுக் கணக்கு. வீட்டு ஸ்பூன் ஒன்றில் 3 பிடிக்கும், இன்னொன்றில் 7 பிடிக்கும். குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையும் அளவுகோல் அல்ல. பாட்டில் மூடியோடு வரும் பிளாஸ்டிக் கப்பில் 5, 10 கோடுகள் இருந்தாலும் சின்ன அளவுகளுக்கு அது உதவாது, அடியில் மருந்து ஒட்டிக்கொண்டும் நிற்கும்.

வாய்வழி மருந்துக்கான சிரிஞ்ச்தான் சரியான கருவி. அது கிடைக்காமல் ஊசி போடும் சிரிஞ்சைப் பயன்படுத்தச் சொன்னால், ஊசியையும் அதன் மூடியையும் முதலில் கழற்றித் தூக்கிப் போடுங்கள். அந்தக் குட்டி மூடி குழந்தையின் தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும்.

முழு அளவும் அடங்கும் சிரிஞ்சுகளில் மிகச் சிறியதை எடுங்கள். 1.5 மி.லி. கொடுக்க 2 மி.லி. சிரிஞ்ச், 4 மி.லி. கொடுக்க 5 மி.லி. சிரிஞ்ச். 10 மி.லி. சிரிஞ்சில் 1.5-ஐத் தேடினால் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் குத்துமதிப்புதான்.

படி 4: எடுப்பது

1. கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். நல்ல வெளிச்சத்தில் நில்லுங்கள். பாதித் தூக்கத்தில், விடிவிளக்கில் அளக்காதீர்கள்.
2. லேபிளில் 'நன்றாகக் குலுக்கவும்' என்றிருந்தால் குலுக்குங்கள். கலங்கலான சஸ்பென்ஷன் வகையில் மருந்து அடியில் படியும். குலுக்காமல் எடுத்தால் முதல் நாட்களில் நீர்த்ததும், பாட்டில் அடியை எட்டும்போது கெட்டியானதும் போகும். நுரை அடங்கியபின் எடுங்கள்.
3. பாட்டில் வாயில் அழுத்திப் பொருத்தும் அடாப்டர் இருந்தால் பொருத்துங்கள். சிரிஞ்சை அதில் செருகி, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, மெதுவாக இழுங்கள். அடாப்டர் இல்லையென்றால் கொஞ்சம் மருந்தைச் சுத்தமான கப்பில் ஊற்றி அதிலிருந்து உறிஞ்சுங்கள். மிச்சத்தை மறுபடி பாட்டிலில் ஊற்றாதீர்கள்.
4. காற்றுக்குமிழி இருந்தால் அவ்வளவு மருந்து குறைகிறது என்று அர்த்தம். சிரிஞ்சைச் சுண்டி, குமிழியை மேலே கொண்டுவந்து வெளியேற்றி, மறுபடி இழுங்கள்.
5. கோட்டைக் கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். தள்ளுதண்டின் ரப்பர் கூம்பாக இருந்தால் கூம்பின் நுனியைப் பார்க்கக்கூடாது. குழாய்ச் சுவரைத் தொடும் முதல் வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு.

படி 5: கொடுப்பது

படுத்த நிலையில் கொடுக்காதீர்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கும் பெருமூளை வாதக் குழந்தைகளுக்கும் விழுங்குவதே சிரமம்; புரையேறி மருந்து நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். நிமிர்ந்து உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல் பிடித்து, சிரிஞ்ச் நுனியைக் கன்னத்தின் உட்புறம் வையுங்கள். தொண்டையை நோக்கிப் பீய்ச்சாமல், கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்ததை விடுங்கள். முகவாதம் உள்ளவர் என்றால் நல்ல பக்கத்துக் கன்னத்தில் வையுங்கள்.

குமட்டல் இருந்தால் சாப்பாட்டோடு அல்லது பாலோடு தரலாம். ஆனால் ஒரு டம்ளர் பாலிலோ கிண்ணம் கஞ்சியிலோ கலக்காதீர்கள். பாதியில் 'போதும்' என்றால் எவ்வளவு மருந்து போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

குழாய் வழியாகக் கொடுப்பவர்கள் முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் குழாயை அலச வேண்டும். எவ்வளவு தண்ணீர் என்பதை நர்ஸிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்கு அது மிகக் குறைவு. மருந்தைக் குழாய்க் கஞ்சியோடோ மற்ற மருந்துகளோடோ ஒரே சிரிஞ்சில் கலக்கக்கூடாது.

கொடுத்து முடித்ததும் சிரிஞ்சைப் பிரித்து, வெதுவெதுப்பான நீரில் கழுவி, தனித்தனியாக உலர விடுங்கள். பிறகு நேரத்தையும் அளவையும் ஒரு தாளில் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அம்மா கொடுத்தது தெரியாமல் அப்பாவும் கொடுப்பது பல வீடுகளில் நடப்பதுதான்.

அளவு ஏறும் விதம்

பெரியவர்களுக்கு வழக்கமாக வேளைக்கு 5 மி.கி., நாளுக்கு 3 வேளை என்று ஆரம்பித்து, 3 நாளுக்கு ஒருமுறை வேளைக்கு 5 மி.கி. கூட்டுவார்கள். நாளுக்கு 80 மி.கி. என்பது பொதுவான உச்சவரம்பு. பலருக்கு அவ்வளவு தேவைப்படாது. குழந்தைகளுக்கு வயதும் எடையும் பார்த்து டாக்டர் தனியாகக் கணக்கிடுவார். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இதைவிட வெகு குறைவாகத் தொடங்குவார். இந்த எண்களை வைத்து நீங்களே அளவு போட வேண்டாம். சீட்டில் இருப்பது இதற்கு வெகுதூரம் விலகியிருந்தால் கேட்பதற்குத்தான் இவை.

முதல் இரண்டு வாரம் தூக்கக் கலக்கம், தலைசுற்றல், குமட்டல், உடல் தளர்ச்சி இருக்கும். எழும்போது முதலில் கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழட்டும். பைக், ஸ்கூட்டர், கார், இயந்திரம் எதுவும் வேண்டாம்.

ஒன்றைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. சிலர் அந்த விறைத்த காலை ஊன்றுகோல் மாதிரி வைத்துத்தான் நிற்கிறார்கள். மருந்து விறைப்பை எடுத்துவிட்டால் கால் மடங்கி விழுந்துவிடுவார்கள். 'மருந்து ஆரம்பித்தபின் நடை மோசமாகிவிட்டது' என்று தோன்றினால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் சொல்லுங்கள். அளவைக் குறைத்தாலே சரியாகலாம்.

கூடச் சேரக்கூடாதவை

மது அறவே கூடாது. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள், சில இருமல் சிரப்புகள் ஆகியவையும் தூக்கத்தைக் கூட்டி மூச்சை மந்தமாக்கும். மருந்துக்கடையில் எதை வாங்கினாலும் 'பேக்லோஃபென் சாப்பிடுகிறார்' என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

கடும் வயிற்றுப்போக்கு, விடாத வாந்தி, வெயிலில் நீர்வறட்சி இருந்தாலும் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். சிறுநீர் குறைந்தால் மருந்து வெளியேறுவதும் குறையும்.

ஒரு வேளை தவறினால்

நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் விட்டுவிட்டு, வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவையே கொடுங்கள். இரண்டு வேளையை ஒன்றாகச் சேர்க்கக்கூடாது. குடித்தவுடன் வாந்தி எடுத்தால் நீங்களாகத் திரும்பக் கொடுக்காமல் கேட்டுச் செய்யுங்கள். தொடர்ந்து பல வேளை தவறிப்போனால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

திடீரென நிறுத்தினால்

உடம்பு இந்த மருந்தின் அடக்குதலுக்குப் பழகிவிடுகிறது. சட்டென எடுத்துவிட்டால், அடங்கியிருந்த நரம்புகள் கட்டவிழ்ந்து துள்ளும். விறைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். அதோடு கடும் காய்ச்சல், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, மனக்குழப்பம், வலிப்பு என்று போகும். உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் நிறுத்தவேண்டி வந்தாலும் டாக்டர் குறைந்தது ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாக இறக்குவார்.

யாரும் வேண்டுமென்றே நிறுத்துவது அபூர்வம். பாட்டில் தீர்ந்துவிடும், கடையில் ஸ்டாக் இருக்காது, பொங்கலுக்குக் கடை மூடியிருக்கும், ஊருக்குப் போகும்போது மருந்துப் பை வீட்டிலேயே தங்கிவிடும். வேறு நோய்க்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தால், அறுவை சிகிச்சைக்கு முன் பட்டினி போடும்போது இதுவும் சேர்ந்து நின்றுவிடும். பாட்டிலில் 7 நாள் மருந்து மிச்சமிருக்கும்போதே அடுத்ததை வாங்குங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் 'பேக்லோஃபென் சாப்பிடுகிறார், திடீரென நிறுத்தக்கூடாது' என்று எழுதிய துண்டுச் சீட்டு பையில் இருக்கட்டும்.

எப்போது ஆம்புலன்ஸ்

எழுப்பினாலும் எழாத தூக்கம், மெதுவான அல்லது விட்டுவிட்டு வரும் மூச்சு, துணிபோலத் துவண்ட உடம்பு, வலிப்பு, உளறல், மருந்து தவறியபின் கடும் காய்ச்சலோடு விறைப்பு. இவற்றில் எது வந்தாலும் இந்தியாவில் 108, இலங்கையில் 1990 எண்ணை அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றுவிட்டால் போனில் சொல்லும்படி உயிர்காக்கும் முதலுதவியைத் தொடங்குங்கள். பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள். அங்கே முதலில் கேட்கப்போவது எத்தனை மி.கி. உள்ளே போனது என்பதைத்தான். நீங்கள் ஒளித்துவைத்த பாட்டிலைக் குழந்தை திறந்து குடித்திருந்தால் அறிகுறி தெரியும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

பாட்டிலை வைக்கும் இடம்

கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். சில வகைகளை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், சிலவற்றை அறை வெப்பத்திலேயே வைக்க வேண்டும். லேபிள் சொல்வதுதான் விதி. திறந்தபின் எத்தனை நாள் என்பதும் அதிலேயே இருக்கும். காலாவதித் தேதி வேறு, திறந்தபின் உள்ள ஆயுள் வேறு. திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதுங்கள். சில வகைகள் இனிப்பாக இருப்பதால் குழந்தைகள் ஜூஸ் என்று நினைத்துக் குடிப்பார்கள். அதனால் பூட்டுள்ள அலமாரியின் மேல்தட்டு, ஃபிரிட்ஜ் என்றால் மூடிப் பூட்டும் டப்பாவுக்குள்.