டீக்கடையில் புகையை நிறுத்துவது எப்படி?

கடை வாசலில் நின்று சிகரெட் பிடிக்கிறவர் பத்து நிமிடத்தில் டீயைக் குடித்து முடித்து பஸ் ஏறிவிடுவார். அவர் போனதும் இன்னொருவர் வந்து பற்றவைப்பார். விடிகாலை முதல் பாய்லருக்கு முன்னால் நிற்கும் மாஸ்டரோ அத்தனை பேருடைய புகையையும் சுவாசித்தாக வேண்டும். அவருக்கு அந்தப் பழக்கமே இல்லாவிட்டாலும் இதுதான் நிலைமை. தென்காசிப் பக்கம் பஸ் நிறுத்தத்தை ஒட்டி டீக்கடை நடத்துகிறேன். இப்போது என் கடையில் யாரும் புகைபிடிப்பதில்லை. தங்கள் கடையிலும் இதைச் செய்ய நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் காற்றைப் பாருங்கள். அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, வழக்கமாகப் புகைபிடிப்பவர்கள் சாய்ந்து நிற்கும் தூணருகே பிடியுங்கள். என் கடையில் அந்தப் புகை ஒரு சாண் உயரத்துக்கு நேராக எழுந்தது. பிறகு உள்பக்கம் வளைந்து, பெஞ்சைத் தாண்டி, வடைத் தட்டுக்கு மேலாக நகர்ந்து, மாஸ்டரின் முகத்தருகே போய்க் கலைந்தது. அடுப்புச் சூட்டில் காற்று மேலே எழும்போது அந்த இடத்தை நிரப்ப வாசல் காற்று உள்ளே வருகிறது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து சாரல் காற்று அடிக்கும்போது கேட்கவே வேண்டாம். “நான் வெளியே நின்றுதானே பிடிக்கிறேன்” என்று வாதாடுகிறவருக்கு இந்த ஊதுபத்தியைக் காட்டுங்கள். எனக்கு வேறு விளக்கம் தேவைப்பட்டதில்லை.

மின்விசிறி போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அது புகையைப் பக்கத்து பெஞ்சுக்குத் தள்ளும், அவ்வளவுதான். தனி இடம் ஒதுக்குவதோ, காற்றோட்டத்தைக் கூட்டுவதோ அடுத்தவர் புகையிலிருந்து முழுப் பாதுகாப்புத் தராது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலரின் 2006 அறிக்கை தெளிவாகச் சொல்லிவிட்டது. வீட்டிலோ வேலையிடத்திலோ இந்தப் புகையைச் சுவாசிக்கும், புகைபிடிக்காத ஒருவருக்கு இதய நோய் வரும் வாய்ப்பு 25 முதல் 30 சதவீதம் வரை கூடுகிறது என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. மாஸ்டருக்குக் கடைதான் வேலையிடம். அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் நீங்கள் என்றால் இந்தப் பொறுப்பும் உங்களுடையதுதான்.

அடுத்து, நெருப்பை அகற்றுங்கள். பல கடைக்காரர்கள் பலகையிலிருந்து தொடங்குகிறார்கள். பலகையை மாட்டிவிட்டு அதற்குக் கீழேயே லைட்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் யார் மதிப்பார்கள்? பலர் சட்டைப் பையில் சிகரெட் இருக்கும், தீப்பெட்டி இருக்காது. தொங்கும் லைட்டர்தான் அவர்களை வாசலில் நிறுத்துகிறது. லைட்டர், கனன்றுகொண்டே இருக்கும் கயிறு, கல்லாவில் வைத்திருக்கும் தீப்பெட்டி, சாம்பல் தட்டத் தரும் பழைய டப்பா எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துவிடுங்கள். அடுப்பிலிருந்து தீ எடுத்துத் தரக் கூடாது என்று மாஸ்டரிடமும் சொல்லுங்கள். பொது இடத்தில் இத்தகைய பொருள்களை வைத்திருக்கக் கூடாது என்பது சட்டவிதியும்கூட.

புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2003-இல் வந்தது. இப்போதுள்ள விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருக்கின்றன. உணவும் பானமும் விற்கும் கடை மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள திறந்த இடமும் இதில் அடங்கும். பஸ் நிறுத்தமும் அடங்கும். பொது இடத்தில் புகைபிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம். புகார் வந்தும் கடைக்காரர் கண்டுகொள்ளாவிட்டால், எத்தனை பேர் பிடித்தார்களோ அத்தனை பேருக்கான அபராதமும் அவர் தலையில் விழும். உணவகங்களைப் பொறுத்தவரை, தனிப் புகையறை வைக்கும் சலுகை 30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் இடங்களுக்குத்தான். நான்கு பெஞ்ச் போட்ட நமக்கு அது கிடையாது.

பலகை குறைந்தது 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர், வெள்ளைப் பின்னணி. குறுக்கே சிவப்புக் கோடு போட்ட சிகரெட் அல்லது பீடி படம், அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். “புகைபிடிக்கக் கூடாத இடம். இங்கே புகைபிடிப்பது குற்றம்” என்று எழுதி, யாரிடம் புகார் சொல்ல வேண்டும் என்பதையும் போடுங்கள். நான் என் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதியிருக்கிறேன். வாசலில், நிற்கிறவரின் கண் மட்டத்தில் மாட்டுங்கள். கூரைக்கு அருகே மாட்டினால் ஒட்டடைதான் சேரும்.

சிகரெட் விற்பதை விட வேண்டுமா என்பது உங்கள் முடிவு. கல்விக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் கடை இருந்தால் விற்கவே கூடாது. மற்ற இடங்களில் சட்டம் தடுப்பதில்லை. நான் நிறுத்திவிட்டேன். சிகரெட்டை எடுத்துக் கொடுத்துக் காசு வாங்கிய கையோடு “இங்கே பற்றவைக்காதீர்கள்” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்லாவில் வித்தியாசம் தெரிந்தது. சிகரெட்டுக்காக வருகிறவர் டீயும் குடிப்பார் என்பதால் டீ வியாபாரமும் கொஞ்சம் குறைந்தது. அது முழுதாக ஈடாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கையில் கொஞ்சம் காசு இருக்கும் மாதமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

இனி, பேச வேண்டிய விதம். இதில்தான் எல்லாமே இருக்கிறது. பற்றவைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கை சட்டைப் பைக்குப் போகும்போதே டீயை நீட்டி, “அண்ணாச்சி, டீயைக் குடித்துவிட்டு அந்தப் புளியமரத்துப் பக்கம் போய்ப் பிடியுங்கள், மாஸ்டருக்கு மூச்சு முட்டுகிறது” என்று மெதுவாகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் சிகரெட்டைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள். பற்றவைத்த பிறகு நாலு பேர் முன்னால் சொன்னால் அது அவருக்கு மானப் பிரச்சினையாகிவிடும். சட்டத்தை முதலில் எடுக்காதீர்கள், மாஸ்டரைச் சொல்லுங்கள். முகம் தெரிந்த ஆளுக்காக மனிதர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள். போகச் சொல்லும் இடம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களிடமிருந்தும் தள்ளி இருக்க வேண்டும்.

மழை நேரம்தான் கடினம். எல்லோரும் தகரக் கூரைக்குள் ஒதுங்குவார்கள், மரத்தடிக்குப் போகச் சொல்ல முடியாது. அப்போது நான் கல்லாவை விட்டு எழுந்து வாசலில் நின்றுகொள்வேன். “மழை விடட்டும் அண்ணாச்சி, அதுவரை இன்னொரு டீ குடியுங்கள்” என்பேன். ஒருவருக்கு மட்டும் விட்டுக்கொடுத்தால் அன்றைக்கு எல்லோருக்கும் விட்டுக்கொடுத்த மாதிரிதான். காக்கிச் சட்டை போட்டவரானாலும் சொந்த மாமாவானாலும் ஒரே பேச்சாக இருங்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் இன்னொரு கேள்வியும் வரும். சுற்றிய பீடியைக் கம்பெனியில் கொடுத்துவிட்டு வருகிற பெண்கள் என் கடையில்தான் டீ குடிக்கிறார்கள். பலகையைப் பார்த்த ஓர் அக்கா, “எங்கள் பிழைப்பில் மண்ணைப் போடுகிறீர்களே” என்று கேட்டார். நியாயமான கோபம். நாள் முழுவதும் தட்டை மடியில் வைத்துத் தூளைச் சுவாசித்துச் சம்பாதிக்கிற கூலி அது. பலகை பீடியைத் தடுக்கவில்லை, அவர் டீ குடிக்கும் பெஞ்சுக்குப் பக்கத்தில் யாரும் பிடிக்கக் கூடாது என்பதைத்தான் சொல்கிறது என்று பொறுமையாக விளக்கினேன். இப்படிக் கேட்பவர்களிடம் ஒருபோதும் எரிந்து விழாதீர்கள்.

பலகைக்குக் கீழே இன்னொரு எண்ணையும் எழுதி வையுங்கள்: 1800-11-2356. புகையிலையை விட நினைப்பவர்களுக்கான தேசிய இலவசத் தொலைபேசி உதவி. தமிழிலும் பேசலாம். யாரிடமும் இதைத் திணிக்க வேண்டாம், எழுதி வைத்தால் போதும். டீ ஆறும் வரை அதைப் பார்த்துக்கொண்டே நின்று, கைப்பேசியில் பதிந்துகொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.