மினியேச்சர் வீரனுக்கு வண்ணம் பூசுதல்: பிரஷ்ஷுக்குள் நிற்கும் தண்ணீர்

மேசைப் போர் விளையாட்டுக்கான வீரர்களுக்கு வண்ணம் பூச உட்காரும் எவருக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரை, "பெயின்டில் தண்ணீர் விட்டுப் பூசு" என்பதுதான். எனக்கும் அதையே சொன்னார்கள். தண்ணீர் விட்டேன். தோளில் வைத்த சிவப்பு வழிந்து, இடுப்புப் பட்டையைத் தாண்டி, முழங்கால் மடிப்பில் குளம் கட்டி நின்றது. தண்ணீரைக் குறைத்தேன். அடுத்த வீரனின் மூக்கும் வாயும் பெயின்டுக்கு அடியில் புதைந்துபோயின. ஏறக்குறைய 20 வீரர்களை இப்படி மாறி மாறிப் பூசிய பிறகுதான், எனக்கு யாரும் சொல்லாமல் விட்ட ஒரு படி இடையில் இருப்பது பிடிபட்டது. முழுச் செய்முறையும் கீழே இருக்கிறது. அந்தப் படியில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

28 மில்லிமீட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் வீரன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். இந்த 28 என்பதைப் பாதத்திலிருந்து கண்வரை அளப்பவர்களும் உண்டு, உச்சந்தலைவரை அளப்பவர்களும் உண்டு. அதனால் வெவ்வேறு தயாரிப்பாளர்களின் வீரர்களைப் பக்கத்தில் நிறுத்தினால் உயரம் ஒத்துவராமல் போகலாம். பெட்டியில் 10 பேர் இருந்தாலும் முதலில் ஒருவனை மட்டும் முடியுங்கள். பத்துப் பேரையும் வரிசையாக வைத்துத் தொடங்கினால் ஒரே தவறை 10 முறை செய்வீர்கள்.

வெட்டி ஒட்டுதல்

பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றை நிப்பரால் (சிறு வெட்டுக் குறடு) வெட்டுங்கள், கையால் முறிக்காதீர்கள். நிப்பரின் தட்டையான பக்கம் பாகத்தைப் பார்த்திருக்கட்டும். முதலில் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைப் பிறகு சீவினால் பாகத்தில் பள்ளம் விழாது.

அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு மேடு ஓடும். அதைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுங்கள். கூர்ப்பக்கம் வேண்டாம், அது பிளாஸ்டிக்கைத் தோண்டிவிடும். வெறும் பிளாஸ்டிக்கில் இந்தக் கோடு கண்ணுக்கே படாது, வாஷ் (பள்ளங்களில் தங்கி நிழல் தரும் நீர்த்த பெயின்ட்) போட்டதும் முகத்தின் நடுவே தழும்பு போல எழுந்து நிற்கும். அவசரப்பட்டு இதை விட்டுவிடாதீர்கள்.

பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் என்றால் பிளாஸ்டிக் சிமென்ட். அது இரு பக்கங்களையும் லேசாக உருக்கி ஒன்றாக்கிவிடும். உலோகத்திலும் ரெசினிலும் அது வேலை செய்யாது, அங்கே சூப்பர் க்ளூதான். சூப்பர் க்ளூவை ஒரு பொட்டு வைத்தால் போதும், அள்ளி வைத்தால் பிடிப்பு குறையும். ரெசின் பாகங்களில் அச்சிலிருந்து கழன்றுவரத் தடவிய எண்ணெய்ப் பசை ஒட்டியிருக்கும். ஒட்டுவதற்கு முன் வெதுவெதுப்பான சோப்பு நீரில் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். ரெசினை உரசும்போது முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

கேடயம் மார்பை மறைக்கிறதா? ஒட்டாமல் தனியாகப் பூசி, கடைசியில் ஒட்டுங்கள். வீரனை ஒரு பழைய புட்டி மூடியில் இருபக்கமும் ஒட்டும் டேப்பால் நிறுத்திவிட்டால், அதன்பின் கை மூடியை மட்டும்தான் தொட வேண்டும்.

பிரைமர்

பிரைமர் என்னும் அடிப்பூச்சு இல்லாமல் அக்ரிலிக் பெயின்ட் பிளாஸ்டிக்கில் பிடிக்காது, நகம் பட்டாலே உரிந்து வரும். ஸ்ப்ரே என்றால் டப்பாவை 2 நிமிடமாவது குலுக்கி, 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து, வீரனுக்கு வெளியே தொடங்கி அவனைக் கடந்து வெளியே முடியுமாறு சட்டென்று வீசி அடிக்க வேண்டும். காற்றோட்டமான இடத்தில் மட்டும். கிட்டத்தில் பிடித்தால் நுணுக்கங்கள் மூடிப்போகும். ரொம்பத் தள்ளிப் பிடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து மணல் தூவியது போல விழும். ஈரப்பதம் மிகுந்த நாளிலும் இதே சொரசொரப்பு வரும். அப்படிப்பட்ட நாளில் பிரஷ்ஷால் பூசும் பிரைமரை எடுங்கள். பொறுமை வேண்டும், ஆனால் வானிலை பார்க்கத் தேவையில்லை.

நிறம்? தொடங்குபவர்களுக்குச் சாம்பல்தான் என் தேர்வு. கறுப்பில் நுணுக்கம் தெரியாது. வெள்ளையில் விட்டுப்போன இடமெல்லாம் பளிச்சென்று தெரியும். கை பழகியபின் ஒன்றை முயன்று பாருங்கள்: முழுக்கக் கறுப்பு அடித்துக் காயவைத்து, மேலிருந்து மட்டும் வெள்ளையை மெல்ல அடியுங்கள். ஒளி எங்கே விழும், நிழல் எங்கே தங்கும் என்று வீரனே காட்டிக்கொடுப்பான்.

தண்ணீர்

இனி நான் தடுக்கி விழுந்த இடம்.

முதலில் ஈரப் பேலட், அதாவது பெயின்டைக் காயாமல் வைத்துக் கலக்கும் தட்டு. மூடியுள்ள தட்டையான டப்பா ஒன்று, அதற்குள் மெல்லிய ஸ்பாஞ்ச், அதன்மேல் கேக், பிஸ்கட் சுடப் பயன்படும் பார்ச்மென்ட் தாள். மெழுகுத் தாள் உதவாது, அதன் வழியே ஈரம் ஏறாது. ஸ்பாஞ்ச் முழுக்க ஊறியிருக்க வேண்டும், ஆனால் தாள் மிதக்கக் கூடாது. மிதந்தால் நீங்கள் கலக்காமலே பெயின்ட் கரைந்து பரவத் தொடங்கும். இதில் வைத்த அக்ரிலிக் மணிக்கணக்கில் காயாமல் இருக்கும். உலர்ந்த தட்டில் சில நிமிடங்களிலேயே ஏடு படர்ந்துவிடும். உலோக நிறங்களை மட்டும் இதில் வைக்காதீர்கள். மினுக்குத் துகள்கள் மற்ற நிறங்களோடு கலந்துவிடும், அவற்றுக்குத் தனித் தட்டு வையுங்கள்.

பிரஷ் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நுணுக்கமான வேலை என்று எல்லோரும் 000 அளவைத் தேடுகிறார்கள். அதில் பெயின்ட் நிற்பதே கொஞ்சம், வீரனிடம் போய்ச் சேர்வதற்குள் முனை காய்ந்துவிடும். நல்ல கூர்மை உள்ள 1 அல்லது 2 அளவுதான் சரி. கண் வரைய வேண்டியது பிரஷ்ஷின் முனைதான், அதன் பருமன் இல்லை. கொலின்ஸ்கி என்ற விலங்கின் மயிரால் ஆன பிரஷ் வாங்க முடிந்தால் ஒன்றே ஒன்று வாங்குங்கள். நான் பயன்படுத்துவது வின்சர் அண்ட் நியூட்டன் சீரிஸ் 7. உலோக நிறம், ட்ரை பிரஷ் (ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷால் மேடுகளை வருடுவது), பசை எல்லாவற்றுக்கும் செயற்கை மயிர் பிரஷ் போதும். எந்தப் பிரஷ்ஷானாலும் மயிர் உலோகக் குழாயோடு சேரும் இடம்வரை பெயின்டில் முக்காதீர்கள். அங்கே பெயின்ட் காய்ந்தால் மயிர் விரிந்து, கூர்மை திரும்பி வராது.

பெயின்டைப் பேலட்டில் ஒரு துளி விட்டு, ஈரப் பிரஷ்ஷால் தண்ணீர் தொட்டுத் தொட்டுக் கலக்குங்கள். "பால் பதம்" என்று சொல்வார்கள். நான் பார்ப்பது இதை: தாளில் ஒரு கோடு இழுத்தால் மயிர்த்தடம் தெரியக் கூடாது, தாளின் நிறம் லேசாக அடியில் தெரிய வேண்டும். சில மஞ்சளும் சிவப்பும் இந்தப் பதத்தில் 3 அல்லது 4 பூச்சு கேட்கும்.

இதுவரை எல்லோரும் சொல்வதுதான். பதம் சரியாக வந்த பிறகும் என் பெயின்ட் வழிந்தது. காரணம் பிரஷ்ஷின் வயிறு. மயிரின் நடுப்பகுதி தண்ணீர் ஏந்தும் பை மாதிரி. மேலே பார்த்தால் முனை கூர்மையாக, அளவாக நனைந்திருப்பது போலத் தோன்றும். வீரனைத் தொட்ட கணத்தில் வயிற்றில் இருந்ததெல்லாம் முனை வழியாக இறங்கிப் பள்ளங்களை நிரப்பும். பெயின்ட் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்பது ஒரு கணக்கு, பிரஷ் எவ்வளவு சுமக்கிறது என்பது வேறு கணக்கு. நான் இரண்டையும் ஒன்றென்று நினைத்து, சுமை கூடியபோதெல்லாம் தண்ணீரைக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

விடுபட்ட படி இதுதான். பேலட்டில் பெயின்ட் எடுத்ததும் நேரே வீரனிடம் போகாதீர்கள். மடித்த டிஷ்யூவில் பிரஷ்ஷின் வயிற்றுப் பக்கத்தை, அதாவது முனையை விட்டு உலோகக் குழாயை ஒட்டிய மயிரை, ஒரு நொடி தொடுங்கள். மிகுதி நீர் டிஷ்யூவில் இறங்கும், நிறம் முனையில் நிற்கும். அப்படியே பிரஷ்ஷை மெல்ல உருட்டி எடுத்தால் கூர்மையும் சேரும். அடுத்து இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு. அது முத்துப் போலத் திரண்டு நின்றால் இன்னொரு முறை டிஷ்யூ. ஒரே சீரான கோடாகப் படிந்தால் வீரனிடம் போகலாம்.

இன்னொரு நுட்பம்: பிரஷ்ஷைக் கழுவிய உடனே அதன் வயிறு முழுக்கத் தண்ணீர். துடைக்காமல் பெயின்டைத் தொட்டால், பார்த்துப் பார்த்துக் கலந்த பதம் அங்கேயே கெடும். ஆக டிஷ்யூவை இரண்டு முறை தொட வேண்டும்: கழுவிய பிறகு ஒரு முறை, பெயின்ட் எடுத்த பிறகு ஒரு முறை. முதல் 15 நிமிடம் தொல்லையாக இருக்கும், பிறகு கை தானாகச் செய்யும்.

முனையைக் கூராக்க உதட்டில் வைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். சில நிறமிகளில் காட்மியம் போன்ற உலோகங்கள் உண்டு. பழைய உலோக வீரர்களில் ஈயமும் இருக்கலாம், அவற்றைத் தொட்டால் கை கழுவ மறக்காதீர்கள்.

முதல் பூச்சு திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பதறி, ஈரமாக இருக்கும்போதே மேலே பூசினால் அடிப்பூச்சு கிழிந்து சுருளும். முழுக்கக் காயட்டும். அதுவரை வேறொரு இடத்தைப் பூசுங்கள். எங்காவது குளம் கட்டிவிட்டால், கழுவித் துடைத்த ஈரப் பிரஷ்ஷின் முனையை அந்தக் குளத்தில் வையுங்கள், அதுவே உறிஞ்சிக்கொள்ளும்.

உள்ளிருந்து வெளியே

உடுத்தும் வரிசையிலேயே பூசுங்கள்: தோல், உள்ளாடை, மேலாடை, கவசம், கடைசியில் வார்ப்பட்டைகள். வெளியே வழிந்தாலும் அடுத்த நிறம் மறைத்துவிடும். கண் வரைவதானால் முகத்துக்கு முன்பே வரையுங்கள். தூய வெள்ளைக்குப் பதில் சற்று மங்கிய வெள்ளை. அதன்மேல் இமைக்கு இமை ஓடும் ஒரு செங்குத்துக் கருங்கோடு. பிறகு தோல் நிறத்தால் மேலும் கீழும் திருத்தம். நடுவில் புள்ளி வைத்தால் வீரன் திடுக்கிட்டு விழிப்பது போல இருக்கும். மேசையில் கை நீளத்துக்கு அப்பால் நிற்பவனுக்குக் கண்குழியில் நிழல் விழுந்தாலே போதும் என்பது என் எண்ணம்.

வாஷும் ட்ரை பிரஷ்ஷும்

வாஷ் பள்ளங்களில் நிழலாகத் தங்கும், ட்ரை பிரஷ் மேடுகளில் ஒளியைத் தொடும். உலோகத்துக்கு சிட்டாடல் பிராண்டின் கறுப்பு வாஷான நல்ன் ஆயில், மற்றவற்றுக்குப் பழுப்பான அக்ராக்ஸ் எர்த்ஷேட்: இந்த இரண்டு புட்டிகளை வைத்தே ஒரு படையை முடிக்கலாம். உடம்பு முழுக்க ஊற்றிவிடாதீர்கள். இங்கும் வயிற்றுக் கணக்கு உண்டு. மடிப்புகளில் வைத்து, தேங்கிய இடத்தில் பிரஷ்ஷால் உறிஞ்சுங்கள்.

ட்ரை பிரஷ்ஷுக்கு முகப்பூச்சுக்கு வைத்திருக்கும் உருண்டையான மென்மயிர் பிரஷ் அருமையாக உதவும். பெயின்ட் தொட்டு, துணியில் ஏறக்குறைய எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மேடுகளை மட்டும் வருடுங்கள். வாஷ் முழுக்கக் காய்ந்த பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும்.

வீரன் நிற்கும் அடித்தட்டுக்கு பிவிஏ பசை (வெள்ளைப் பசை) தடவி, மணலில் அமுக்கி, காய்ந்ததும் பழுப்பு வாஷ், ட்ரை பிரஷ், ஒரு புல் கற்றை. விளிம்பை மட்டும் ஒரே நிறத்தில் சுத்தமாகப் பூசிவிடுங்கள். வீரன் முழுமை பெறுவது அந்த விளிம்பில்தான். கடைசியில் வார்னிஷ்: கையில் புழங்கும் வீரர்களுக்கு முதலில் பளபளப்பானது ஒன்று, அது காய்ந்ததும் மேட் (பளபளப்பில்லாதது) ஒன்று.

வாசகர்கள் எழுதியபின் சேர்த்தவை

டிஷ்யூ நார் பிரஷ்ஷில் ஒட்டி, வீரனின் முகத்தில் இழையாகக் கிடக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். சரியான குறை. இப்போது நானும் நார் உதிராத பழைய பருத்தித் துணிக்கு மாறிவிட்டேன். மேலே டிஷ்யூ என்று சொன்ன இடத்திலெல்லாம் துணி என்றே கொள்ளுங்கள்.

தாமரை இலைத் தண்ணீராகப் பெயின்ட் ஒட்டாமல் உருள்கிறது என்றார் இன்னொருவர். பெரும்பாலும் விரல் எண்ணெய்தான் காரணம், அல்லது ரெசினைக் கழுவாமல் பிரைமர் அடித்திருக்கலாம். பிரைமரே உரியத் தொடங்கினால் கழுவி முதலிலிருந்து தொடங்குவது நல்லது. இல்லையென்றால் தண்ணீருக்குப் பதில் மேட் மீடியம் (நிறமி இல்லாத பெயின்ட் திரவம்) கலந்து ஒரு மெல்லிய பூச்சு கொடுங்கள், அடுத்தது பிடித்துக்கொள்ளும்.

நிழலும் நிறமும் ஒரே பூச்சில் தரும் வகைப் பெயின்ட்களை இங்கே விட்டிருந்தேன். சிட்டாடலின் கான்ட்ராஸ்ட் 2019இல் வந்தது, பிறகு மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். வெளிர் பிரைமர் மேல் அழகாக வரும். தண்ணீருக்குப் பதில் அதற்கென்று உள்ள மீடியத்தில் கலக்குங்கள். இவ்வகையில் சில, காய்ந்த பிறகும் ஈரப் பிரஷ் பட்டால் மீண்டும் கரைந்து மேல்பூச்சில் ஏறிவிடும். என் நீல அங்கியின் மேல் வைத்த வெள்ளை, நீலமாகத் திரும்பியது இப்படித்தான். மெல்லிய வார்னிஷ் ஒன்று இடையில் கொடுத்தபின் அந்தத் தொல்லை இல்லை.

மேட் வார்னிஷ் அடித்ததும் வீரன் முழுக்க வெண்பனி படர்ந்துவிட்டது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஈரக் காற்றும் கனத்த பூச்சும் சேர்ந்தால் இது நடக்கும். பெயின்டைக் கரைக்க ஓடாதீர்கள். உலர்ந்த நாள் ஒன்றில் பளபளப்பு வார்னிஷை மெல்லியதாகப் பூசுங்கள், பெரும்பாலும் அடியிலிருக்கும் நிறம் திரும்பத் தெரியும். அது நன்றாகக் காய்ந்தபின் மேட் வார்னிஷை, இம்முறை பிரஷ்ஷால், வயிற்றைத் துணியில் தொட்டுவிட்டுப் பூசுங்கள்.