லினக்ஸ் மடிக்கணினியில் திரையின் புதுப்பிப்பு வீதத்தை மாற்றுவது எப்படி?

கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள் பழகுவது கேரள அரசின் கைட் நிறுவனம் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய லினக்ஸ் இயங்குதளம் என்பதால், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு லினக்ஸ் புதிய பெயர் அன்று. ஆயினும், அதன் திரை அமைப்புகளில் உள்ள 'ரிஃப்ரெஷ் ரேட்' என்ற வரியைப் பலர் தொடுவதே இல்லை. அந்த வரியை எப்படிப் படிப்பது, எந்த எண்ணைத் தேர்வது என்பதை இங்கே பார்ப்போம்.

திரை ஒரு நொடியில் எத்தனை முறை தன் படத்தைப் புதிதாக வரைகிறது என்பதே புதுப்பிப்பு வீதம்; அதன் அலகு ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஏறத்தாழ 16.7 மில்லிநொடிக்கு ஒரு முறையும், 144 ஹெர்ட்ஸ் திரையில் ஏறத்தாழ 6.9 மில்லிநொடிக்கு ஒரு முறையும் படம் மாறுகிறது. பழைய கண்ணாடிக்குழாய் மானிட்டர்களில் வீதம் குறைந்தால் திரை கண்ணுக்குத் தெரியும்படி மினுக்கும். எல்சிடி திரையில் பின்னொளி தனியாக எரிவதால் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே 60-இல் வைத்தால் கண் கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பக்கங்களை மேலும் கீழும் நகர்த்தும்போது வழவழப்பு சற்றுக் குறையும், அவ்வளவே.

முதலில் விண்டோஸ் சின்னம் உள்ள விசையை அழுத்தி 'செட்டிங்ஸ்' என்று தேடித் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் 'டிஸ்ப்ளேஸ்' என்பதைச் சொடுக்குங்கள். கணினி மலையாளத்தில் அமைக்கப்பட்டிருந்தால் மானிட்டர் படம் போட்ட வரியைத் தேடினால் போதும்.

அடுத்து, திரையின் புள்ளி எண்ணிக்கையைக் காட்டும் ரெசல்யூஷன் வரிக்குக் கீழே உள்ள 'ரிஃப்ரெஷ் ரேட்' வரியில் உங்கள் திரை ஏற்கும் எண்கள் இருக்கும். 60.00, 59.94 என்று அருகருகே இரண்டு தெரிந்தால் குழம்ப வேண்டாம், 59.94 என்பது அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சி முறையிலிருந்து வந்த கணக்கு, அன்றாடப் பயன்பாட்டில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

எண்ணைத் தேர்ந்து 'அப்ளை' கொடுத்ததும், மாற்றத்தை வைத்துக்கொள்ளவா என்று கணினி கேட்கும். திரை இருண்டுவிட்டால் எதையும் அழுத்தாமல் பொறுத்திருங்கள். 20 நொடியில் பழைய நிலை தானாகத் திரும்பிவிடும்.

எந்த எண் நல்லது? இருப்பதிலேயே பெரியது என்று பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. விளையாட்டுக்கு 120-உம் 144-உம் பொருந்தும். திரைப்படங்களோ பெரும்பாலும் நொடிக்கு 24 சட்டங்கள் (ஃப்ரேம்கள்) கொண்டவை. 60 என்பது 24-ஆல் மீதியின்றி வகுபடாததால் ஒரு சட்டம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படுகிறது, கேமரா மெல்ல நகரும் காட்சிகளில் இதனால் ஒரு சிறு தயக்கம் தெரியும். 48, 120, 144 ஆகியவற்றில் இந்தச் சிக்கல் எழாது. எழுதுவதற்கும் படிப்பதற்கும் 60 தாராளம். தென்மேற்குப் பருவமழையில் மின்சாரம் போய்விட்ட மாலைகளில் 144-ஐ 60 ஆக்கிவிட்டால் பேட்டரியும் சற்றுக் கூடுதல் நேரம் தாங்கும்.

பட்டியலில் ஒரே எண்தான் இருக்கிறது என்றால், பெரும்பாலும் அது பழுதன்று. திரை தன் திறன்களைத் தானே கணினிக்குத் தெரிவிக்கிறது. அது சொன்னவை மட்டுமே அங்கே வரும். 60-க்கு உரிய திரையை 75-க்குக் கட்டாயப்படுத்தும் குறிப்புகள் இணையத்தில் ஏராளம். தொடக்கநிலையில் இருப்போர் அவற்றைத் தொடாதிருப்பது நலம்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான முனையத்தில் (டெர்மினல்) பார்க்க விரும்புவோர், முதலில் செட்டிங்ஸின் 'அபவுட்' பகுதியில் 'விண்டோயிங் சிஸ்டம்' எது என்று பாருங்கள். எக்ஸ்11 என்றிருந்தால் கன்ட்ரோல், ஆல்ட், டி (T) விசைகளை ஒருசேர அழுத்தி, எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் (xrandr) என்ற ஆறு ஆங்கிலச் சிற்றெழுத்துகளை இடைவெளியின்றித் தட்டி என்டர் கொடுங்கள். வரும் பட்டியலில் நட்சத்திரக் குறி உள்ளது இப்போதைய வீதம்; கூட்டல் குறி உள்ளது திரை விரும்பும் வீதம். வேலண்டு என்றிருந்தால் இந்தக் கட்டளை தரும் விவரத்தை நம்பாமல் செட்டிங்ஸையே பயன்படுத்துங்கள்.

வெளித்திரையை இணைக்கும்போதுதான் உண்மையான தலைவலி வரும். 4கே திரையில் 30 ஹெர்ட்ஸ் மட்டுமே தெரிந்து, சுட்டி இழுத்து இழுத்து நகர்ந்தால் லினக்ஸைக் குறை சொல்லாதீர்கள். கணினியிலிருந்து திரைக்குக் கேபிள் வழியே படத்தை அனுப்பும் முறைகளில், 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 முறை 4கே படத்தை 30 ஹெர்ட்ஸ் அளவில்தான் கொண்டுசெல்லும்; 60 வேண்டுமென்றால் 2013-இல் வந்த 2.0 முறையைக் கணினியின் துளை (போர்ட்), கேபிள், திரை ஆகிய மூன்றும் ஏற்க வேண்டும். கேபிள்தான் காரணமென்றால் மாற்றிவிடலாம். கணினியின் துளையே 1.4 என்றால், ரெசல்யூஷனை 1920×1080 ஆகக் குறைத்துவிட்டு வீதப் பட்டியலை மீண்டும் திறந்து பாருங்கள். 60 அங்கே இருக்கும்.