பால்புதுமையினர் கலைவிழா நடத்துகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

நான் தொண்டராக வேலை பார்த்த முதல் பால்புதுமையினர் கலைவிழா நன்றாகவே நடந்தது. (பால்புதுமையினர் என்பது தன்பால் ஈர்ப்பாளர், இருபால் ஈர்ப்பாளர், திருநங்கையர் போன்ற எல்லாரையும் சேர்த்துச் சொல்லும் சொல்.) அரங்கு நிறைந்திருந்தது. கடைசி நாடகத்துக்குக் கைதட்டல் ஓய வெகுநேரமானது. ஒலிபெருக்கிகூட ஒரே ஒரு முறைதான் மக்கர் பண்ணியது. மறுநாள் காலையில் ஒரு போன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவர். மேடையை எடுத்த ஒரு படத்தின் ஓரத்தில் அவர் முகம் பளிச்சென்று தெரிந்தது. அதை இரவோடு இரவாக விழாப் பக்கத்தில் ஏற்றியிருந்தோம். “ஆபீஸ்ல ஒருத்தர் பார்த்துட்டு என்கிட்டயே கொண்டுவந்து காட்டுறார். எடுத்துடுங்க” என்றார். எடுத்தோம். எடுத்து என்ன பயன்? அதற்குள் எத்தனை போன்களுக்குப் போயிருந்ததோ.

அப்புறம் சில விழாக்களில் வாசலிலும் மேடைக்குப் பின்னாலும் நின்றிருக்கிறேன். தவறுகள் விதவிதமாக வந்தாலும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான். வெளியே இருந்து பார்க்க வருகிறவர்களுக்காக விழாவைத் தயார் செய்கிறோம். பத்திரிகைக்காரர், விளம்பரதாரர், சிறப்பு விருந்தினர், “இவங்களும் மனுஷங்கதானே” என்று உருகப்போகும் பார்வையாளர் என்று எல்லாரையும் மனதில் வைத்து அடுக்குகிறோம். யாருடைய விழாவோ அவர்களுக்கு மிச்சமிருக்கும் நாற்காலி.

கேமராவை அவிழ்த்துவிடுவது

என் கணக்கில் முதல் தவறு இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1978 ஜூன் 24 அன்று ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பால்புதுமையினர் நடத்திய முதல் மார்டி கிரா ஊர்வலத்தில் 53 பேரைப் போலீஸ் கைது செய்தது. அவர்களுடைய பெயர், முகவரி, வேலை எல்லாம் நாளிதழில் வந்தன. வேலை இழந்தவர்கள் உண்டு, குடும்பத்தை இழந்தவர்கள் உண்டு. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் நாடாளுமன்றமும் அந்த நாளிதழும் மன்னிப்புக் கேட்டது 2016இல், அதாவது 38 ஆண்டுகள் கழித்து. அன்றைக்கு ஒருவரைக் காட்டிக்கொடுக்க ஒரு போலீஸ் நிலையமும் ஓர் அச்சகமும் தேவைப்பட்டன. இன்றைக்கு உற்சாகமான ஒரு தொண்டரும் அவர் கையில் ஒரு போனும் போதும். கெட்ட எண்ணமே இருக்க வேண்டியதில்லை.

“இங்கே படம் எடுக்கப்படும், உள்ளே வந்தால் சம்மதம் என்று பொருள்” என்று வாசலில் ஒரு தாளை ஒட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சம்மதம் இல்லை. கழுத்தில் மாட்டும் அட்டைக்கு இரண்டு நிறத்தில் நாடா வாங்குங்கள்: படம் எடுத்தால் பரவாயில்லை என்பவருக்கு ஒன்று, வேண்டாம் என்பவருக்கு ஒன்று. மங்கிய விளக்கில் நீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும், மஞ்சளும் கறுப்பும் அப்படிக் குழம்பாது. எங்களுக்கு அந்தப் பாடம் புகையும் இருட்டுமான ஒரு நடனத்தின் நடுவே கிடைத்தது. அரங்கின் ஒரு பக்கத்தைக் கேமராவே திரும்பாத பகுதி என்று ஒதுக்குங்கள். வீடியோ கேமராவை முதல் வரிசைக்கு முன்னால் வையுங்கள், பின்னாலிருந்து எடுத்தால் திரும்பிச் சிரிக்கும் முகமெல்லாம் சட்டகத்துக்குள் வந்துவிடும். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு படத்திலும் நடுவில் இருப்பவரை விட்டுவிட்டு ஓரங்களைப் பாருங்கள். மேடைக் கலைஞரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். நூறு பேர் முன்னால் ஆட ஒத்துக்கொண்டவர் இணையத்தில் நிரந்தரமாக இருக்க ஒத்துக்கொண்டதாக ஆகாது. இன்று சரி என்றவர் அடுத்த மாதம் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும்.

முகம் மட்டுமல்ல, போன் திரையும் காட்டிக்கொடுக்கும். முன்பதிவு செய்தவருக்கு விழாவின் முழுப் பெயரோடு குறுஞ்செய்தி அனுப்புகிறோம். அவர் போன் அந்த நேரத்தில் வீட்டுக் கூடத்தில், அப்பாவின் பக்கத்தில் சார்ஜில் கிடக்கலாம். அனுப்புநர் பெயரும் முதல் வரியும் சாதாரணமாக இருக்கட்டும். தொண்டர்கள் எல்லாரையும் கேட்காமலே ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் சேர்ப்பதும் இதே ரகம். முன்பின் தெரியாத நாற்பது பேரிடம் ஒருவருடைய எண்ணையும் முகப்புப் படத்தையும் கொடுத்துவிடுகிறோம்.

பெயரைக் கோட்டை விடுவது

ஒரு விழாவின் கடைசி நாள், கலைஞர்களுக்கு மேடையில் உறை கொடுத்தார்கள். காசோலை வங்கிக் கணக்கில் இருக்கும் பெயருக்குத்தான் எழுத முடியும் என்பதால் உறை மேலும் அதே பெயரை எழுதியிருந்தார் கணக்கு பார்த்தவர். அறிவிப்பாளர் உறையைப் பார்த்து அப்படியே வாசித்தார். அரை மணி நேரம் முன்பு தன் கவிதைகளால் அரங்கைக் கட்டிப்போட்ட ஒரு திருநங்கை, பல வருஷமாக யாரும் கூப்பிடாத ஆண் பெயரைக் கேட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை என்று நினைத்து அறிவிப்பாளர் இன்னும் சத்தமாக, இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார்.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஒரே பட்டியலை இரண்டு வேலைக்குப் பயன்படுத்தியதுதான் கோளாறு. வங்கிப் பெயர் கணக்காளரிடம் மட்டும் இருக்கட்டும். மேடை, சுவரொட்டி, அட்டை, வருகைப் பதிவு, அறைச் சாவி என்று மற்ற எல்லாவற்றுக்கும் அவர் சொன்ன பெயர்தான். உறைமேல் ஒரு எண் போதும்.

இந்த விஷயத்தில் தமிழ் நமக்கு ஒரு சௌகரியம் செய்து வைத்திருக்கிறது. ‘அவர் வந்தார்’ என்றால் ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழாது. மரியாதையும் வந்துவிட்டது. இருந்தும் அறிவிப்பாளர்கள் ‘சார்’, ‘மேடம்’, ‘தம்பி’, ‘தங்கச்சி’ என்று வலியப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். கவிஞர், ஓவியர், நடனக் கலைஞர் எல்லாம் பொதுச் சொற்கள். பாடகரா பாடகியா, நடிகரா நடிகையா என்று வரும்போது மட்டும் கேட்டுவிடுங்கள். ‘பாடகி’ என்று அச்சில் பார்க்க ஒருவர் பாதி ஆயுள் காத்திருந்திருப்பார். இன்னொருவருக்கு அதே சொல் முள்ளாகக் குத்தும். ஊகிக்க வழியில்லை.

சுவரொட்டியில் ‘ஓரினச்சேர்க்கையாளர் விழா’ என்று போடுவது இன்னும் நடக்கிறது. ஒரு மனிதரைப் படுக்கையறைச் செயலாகச் சுருக்கும் சொல் அது. தன்பால் ஈர்ப்பாளர், இருபால் ஈர்ப்பாளர், திருநங்கை, திருநம்பி (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்ட ஆண்), ஊடுபால் (ஆண், பெண் என்ற வழக்கமான உடல் வகைக்குள் அடங்காமல் பிறந்தவர்) என்று சொற்கள் இருக்கின்றன. எல்லாரையும் சேர்த்துச் சொல்ல பால்புதுமையினர், அல்லது அப்படியே குயர். எது பிடிக்கும் என்பதில் சமூகத்துக்குள்ளேயே சண்டை உண்டு. சண்டை இருக்கட்டும், அதை நடத்த வேண்டியவர்கள் நடத்தட்டும்.

நிகழ்ச்சி நிரலில் ஒரே ராகம்

தேர்வுக் குழுவைப் பாருங்கள், நிகழ்ச்சி நிரல் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். நான்கு பேரும் ஆங்கிலம் சரளமாகப் பேசும் தன்பால் ஈர்ப்பு ஆண்கள் என்றால், இரண்டு நாளும் அவர்களுடைய காதல் தோல்விகளைத்தான் பார்க்கப்போகிறோம். திருநங்கையரை விளக்கேற்றவும் தொடக்க நடனத்துக்கும் கூப்பிட்டு, ஆறரை மணிக்கு ஆட வைத்து ஏழு மணிக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்களில் ஓவியரும் சிறுகதை எழுதுபவரும் ஒளிப்பதிவாளரும் இருப்பது யாருக்கும் தோன்றாது. திருநம்பிகளையும் இருபால் ஈர்ப்பாளர்களையும் தேடத்தான் வேண்டும். ‘யாரும் விண்ணப்பிக்கவில்லை’ என்பது நீங்கள் எங்கே அறிவித்தீர்கள் என்பதற்கான பதில் மட்டுமே.

இன்னொன்று, அழுகை. படம் முடிந்தால் தற்கொலை, நாடகம் முடிந்தால் வீட்டைவிட்டு வெளியேற்றம், கவிதை முழுக்க ரணம். வெளியாட்களை உலுக்க அது உதவலாம். தினமும் அதை வாழ்ந்துவிட்டு ஒரு சாயங்காலம் சந்தோஷமாக இருக்கலாம் என்று வந்தவருக்கு? துக்கமே கூடாது என்று சொல்லவில்லை. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் எய்ட்ஸ் நினைவுப் போர்வையை முதன்முறை விரித்தபோது அதில் 1,920 துணிப் பகுதிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சவக்குழியின் அளவு, மூன்றடிக்கு ஆறடி. ஒவ்வொன்றிலும் எய்ட்ஸால் செத்துப்போன ஒருவரின் பெயர். ஆனால் அந்தப் போர்வையில் அவருடைய ஜீன்ஸ் இருக்கும், பொம்மைக் கரடி இருக்கும், ஜிகினா மின்னும், ஒரு கேலி வரியும் தைத்திருக்கும். தைத்தவர்கள் காதலர்கள், நண்பர்கள், அம்மாக்கள். பலருக்கு அதற்கு முன் ஊசி பிடித்த பழக்கம்கூட இல்லை. அழுகையும் சிரிப்பும் ஒரே துணியில் இருந்தன. சமூகக் கலை என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. தேர்ந்த கலைஞர்களை மட்டும் மேடையேற்றும் விழாவில் அப்படி ஒன்று முளைக்க இடமே இருக்காது. அதனால் முதல்முறை எழுதுகிறவர், முதல்முறை வரைகிறவர் உட்கார ஒரு மேசையாவது போடுங்கள்.

‘இது இயற்கையா, இல்லையா?’ என்று விவாத அரங்கம் வைத்து, நடுநிலைக்காக எதிர்க்கும் ஒருவரையும் கூப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். பிறந்தநாள் வீட்டில் ‘இவர் பிறந்திருக்கலாமா?’ என்று யாரும் பட்டிமன்றம் நடத்துவதில்லை.

கலைஞரோடு உரையாடல் வைத்தால், முன்வரிசையிலிருந்து ஒரு கை எழும்பி, “ஆபரேஷன் பண்ணிட்டீங்களா?” என்று கேட்கும். கேட்காத விழாவை நான் பார்த்ததில்லை. நெறியாளர் அசட்டுச் சிரிப்போடு கலைஞரைப் பார்க்கக் கூடாது, அவரே குறுக்கே வர வேண்டும்: “அந்தக் கேள்வி வேண்டாம். ஓவியத்தைப் பற்றி யாருக்காவது கேள்வி இருக்கா?” இவ்வளவுதான். கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

காசும் நன்றியும்

மேடைக்கும் விளக்குக்கும் சாப்பாட்டுக்கும் காசு கொடுத்துவிட்டு, கலைஞரிடம் மட்டும் “நம்ம விழாதானே” என்பார்கள். ‘நம்ம’ என்ற சொல்லுக்கு இருக்கும் பலத்தைப் பாருங்கள்! பணம் குறைவென்றால் நிகழ்ச்சியைக் குறையுங்கள். சான்பிரான்சிஸ்கோவில் 1977இல் தொடங்கிய ஃபிரேம்லைன் திரைப்பட விழாவின் முதல் திரை ஒரு படுக்கை விரிப்பு. சின்னதாகத் தொடங்குவதில் வெட்கமில்லை. போக்குவரத்துச் செலவையாவது முன்கூட்டியே கொடுங்கள், பின்னால் தருகிறேன் என்றால் கடன் வாங்கி வர வேண்டியவர் வராமலே இருந்துவிடுவார்.

விளம்பரதாரர் விஷயத்தில் நான் கேட்பது ஒரே கேள்வி: அந்த நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒரு திருநம்பி தன் பெயரை அடையாள அட்டையில் மாற்ற முடியுமா? முடியாதென்றால் மேடையில் அவர்கள் சின்னம் எதற்கு?

பெயர் போடாமல் விடுவதும் ஒரு கூலி மறுப்புத்தான். 1978 ஜூன் 25 அன்று சான்பிரான்சிஸ்கோவில் ஏறிய, பால்புதுமையினரின் சின்னமான வானவில் கொடி என்றால் அதை வடிவமைத்த கில்பர்ட் பேக்கர் பெயர் வரும். வர வேண்டியதுதான். ஆனால் அந்த முதல் கொடிகளில் அவரோடு சேர்ந்து வேலை செய்த லின் செகர்புளூம் சாயத் தொழில் தெரிந்தவர், ஜேம்ஸ் மெக்னமாரா தையல் தெரிந்தவர். கூடவே தோய்த்தும் அலசியும் இஸ்திரி போட்டும் தந்த தொண்டர்கள் சுமார் 30 பேர். இவர்களை வெகுகாலம் யாரும் நினைவில் வைக்கவில்லை. உங்கள் விழா மலரில் தோரணம் கட்டியவர் பெயரும் இருக்கட்டும். பெயர் வேண்டாம் என்பவர் புனைபெயர் தரட்டும்.

கொடி என்றதும் ஒரு சின்ன விஷயம். முதல் கொடியில் எட்டு நிறங்கள், அடுத்த ஆண்டுக்குள் ஆறாகிவிட்டது. விழுந்துபோன இரண்டில் ஒன்று நீலப்பச்சை, மாயத்துக்கும் கலைக்கும் என்று பேக்கர் வைத்திருந்த நிறம். கலைவிழாக்காரர்கள் அதைத் திரும்பத் தைக்கலாம் என்று எனக்கு ஒரு ஆசை.

தேதியைப் பற்றி: ஜூன் மாதத்தில்தான் நடத்த வேண்டும் என்று எங்கும் சட்டமில்லை. 1969 ஜூன் 28 அன்று நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுவிடுதியில் போலீஸ் சோதனைக்கு எதிராக மூண்ட எதிர்ப்பை நினைவுகூர்ந்து வந்த வழக்கம் அது. சிட்னிக்காரர்களே தங்கள் விழாவை அவர்கள் ஊர்க் கோடைக்கு மாற்றிக்கொண்டார்கள். மழையும் தேர்வும் இல்லாத நாளாகப் பாருங்கள்.

வாசலும் கண்ணாடியும்

விழாவுக்கு வருபவர் முதலில் சந்திப்பது உங்களை இல்லை, வாசல் காவலரை. ஆண் வரிசை, பெண் வரிசை என்று பிரித்துச் சோதனை போட்டால் ஒருவர் அங்கேயே திரும்பிப் போய்விடுவார். காவலர்களோடு முதல் நாளே உட்கார்ந்து பேசுங்கள். கழிப்பறையில் ஒன்றிரண்டையாவது யாரும் போகலாம் என்று எழுதி ஒட்டுங்கள். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், படங்களுக்கு எழுத்து வரி இரண்டையும் வரவுசெலவின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள், கடைசிப் பக்கத்தில் இருப்பதுதான் எப்போதும் வெட்டுப்படும்.

அப்புறம் உடை மாற்றும் அறை. கலைஞர்களுக்கு மட்டும் என்று பூட்டி வைக்காதீர்கள். சாதாரணச் சட்டையில் வந்து, பையில் சுருட்டி வைத்த புடவையையோ வேட்டியையோ அங்கே கட்டிக்கொண்டு அரங்குக்குள் நுழைகிற பார்வையாளர் பலர். கிளம்பும்போது எல்லாவற்றையும் திரும்ப மடித்து வைக்க வேண்டும். நகப்பூச்சு போகாமல் விரலை விரலைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவரைக் கதவைத் தட்டி அவசரப்படுத்தியிருக்கிறேன். அரங்கை ஒன்பது மணிக்குப் பூட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மை கலைந்த கண்ணோடு அவர் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடினார். வாடகை பேசும்போதே ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். அறையில் நல்ல வெளிச்சம், ஆளுயரக் கண்ணாடி, பஞ்சு, எண்ணெய், நகப்பூச்சு நீக்கி. விளக்கணைக்கும் முன் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை குரல் கொடுங்கள்.