ஆஞ்சியோகிராமுக்குத் தேதி கொடுத்துவிட்டார்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

இதய ரத்தக்குழாய்களில் சாயம் செலுத்தி, அடைப்பு இருக்கிறதா என்று எக்ஸ்ரே படத்தில் பார்ப்பதுதான் ஆஞ்சியோகிராம். மாரடைப்போடு அவசரமாகப் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. தேதி கொடுத்து வரச் சொன்னவர்களுக்கு மட்டும். அப்பாவுக்கு எடுத்தபோது கூடவே இருந்து தெரிந்துகொண்டவை.

1. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பார்ப்பார்கள். உள்ளே செலுத்தும் சாயம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். முன்பு ஸ்கேன் சாயம் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் இப்போதே சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

2. சாயம் செலுத்தும் மெல்லிய குழாயை உள்ளே விடுவது கை வழியாகவா, தொடை வழியாகவா? நானாக இருந்தால் மணிக்கட்டு வழியாகச் செய்ய முடியுமா என்று கட்டாயம் கேட்பேன். ரத்தக்கசிவு குறைவு, சீக்கிரமே எழுந்து உட்காரலாம். தொடை வழி என்றால் சில மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்தே கிடக்க வேண்டும். முதுகுவலிக்காரர்களுக்குப் பெரும்பாடு. வளையும் ஸ்ட்ரா ஒன்று கொண்டுபோங்கள், படுத்தபடியே தண்ணீர் குடிக்கலாம்.

3. கேத் லேபுக்குள் (ஆஞ்சியோ எடுக்கும் அறை) குளிரும். பொதுவாக முழு மயக்கம் கொடுப்பதில்லை. ஊசி போடும் இடம் மட்டும் மரத்துப்போகும். சாயம் போகும்போது உடம்பில் குப்பென்று சூடு பரவலாம். பயப்பட வேண்டாம், சில நொடிகளில் போய்விடும்.

4. இங்கேதான் பலரும் திணறுகிறார்கள். படம் எடுத்ததும் கதவு திறக்கும். “பேஷண்ட்டோட வந்தது யாரு?” திரையில் ஓர் இடத்தில் மட்டும் நூலாக மெலிந்த ரத்தக்குழாயைக் காட்டி, “இப்பவே ஸ்டென்ட் வச்சிடலாமா?” என்பார்கள். (ஸ்டென்ட் என்பது அடைப்புள்ள இடத்தைத் திறந்தே வைத்திருக்க உள்ளே பொருத்தும் சிறு வலைக்குழாய்.) நோயாளி மேஜையில், பேனா உங்கள் கையில். அந்த நேரத்தில் யோசிக்க வராது. அதனால் முதல் நாளே டாக்டரிடம் கேளுங்கள்: அடைப்பு இருந்தால் உடனே வைப்பீர்களா? இதயத்தின் மூன்று முக்கிய ரத்தக்குழாயிலும் இருந்தால் பைபாஸ் அறுவை சிகிச்சை பற்றிப் பேச அவகாசம் உண்டா? காப்பீட்டு ஒப்புதல் ஆஞ்சியோவுக்கு மட்டுமா, ஸ்டென்ட்டுக்கும் சேர்த்தா? ஸ்டென்ட்டுக்கு 2017 முதல் மத்திய அரசின் உச்சவரம்பு விலை உண்டு. பில்லில் அதன் பெயரும் விலையும் தனியாக இருக்க வேண்டும். நிலைமை அவசரமில்லை என்று டாக்டரே சொன்னால், படத்தை சிடியில் வாங்கி இன்னொருவரிடமும் காட்டலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

5. கை வழியாகச் செய்தால், முடிந்தபின் ரத்தம் கசியாமல் இருக்க மணிக்கட்டில் காற்றடைத்த பட்டை கட்டுவார்கள். அதில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்குவார்கள். விரல் மரத்தாலோ நீலம் பாரித்தாலோ நர்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் ரத்தம் கசிந்தால் அழுத்திப் பிடியுங்கள், நிற்காவிட்டால் 108.

பின்சேர்க்கை: சர்க்கரைக்காரர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டுமா, எப்போது மறுபடி தொடங்குவது என்பது உங்கள் கிரியாட்டினின் அளவைப் பொறுத்தது. மாத்திரை அட்டையையே எடுத்துப்போய்க் காட்டிக் கேளுங்கள்.