ஓட வராதவனைக் கோலில் நிறுத்தாதீர்கள்

சேலம் பக்கம் பள்ளி ஹாக்கி அணிகளுக்கு ஆள் எடுப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். முன்னால் ஆடும் ஃபார்வர்டு, நடுவில் ஆடும் ஹாஃப், பின்னால் தடுக்கும் பேக் எல்லாம் முடிந்த பிறகு, "யாருப்பா ஓட மாட்டான்? அவன் கோல்ல நில்லு" என்பார்கள். மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் முளைக்கின்றன.

கோலின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். கோல் கீப்பர் மட்டும் எதிரே நிற்க ஒருவர் அடிக்கும் பெனால்டி ஸ்ட்ரோக் 6.40 மீட்டர் தூரத்திலிருந்து வருகிறது. ஆட்டம் சமனானால் வரும் ஷூட் அவுட்டில், கீப்பரோடு ஒற்றைக்கு ஒற்றை மோதும் எதிராளிக்கு 8 விநாடிதான். அதற்குள் கீப்பர் முன்னேறி வந்து கோணத்தை அடைக்க வேண்டும். மந்தமானவர் செய்கிற வேலையா இது? அணியிலேயே துணிச்சலும் கால் வேகமும் உள்ளவரை முதலில் கேளுங்கள். கூடவே இன்னொருவரையும் தயார் செய்யுங்கள்.

அப்புறம், வாங்கிய கோலை மட்டும் எண்ணுவது. இது பெரிய அநியாயம். ஒரு கீப்பரை நோக்கி 12 ஷாட் வந்து 3 கோல் விழுந்தது; இன்னொருவரை நோக்கி 3 ஷாட் வந்து 2 விழுந்தது. ஸ்கோரைப் பார்த்தால் இரண்டாமவர் கெட்டிக்காரர். ஆனால் முதலாமவர் நான்கில் மூன்றைத் தடுத்திருக்கிறார், இரண்டாமவர் மூன்றில் ஒன்றை மட்டுமே. ஒரு நோட்டில் ஷாட், சேவ், தடுத்த பந்து எங்கே போனது என்று மூன்றையும் எழுதிவாருங்கள். பந்து கோலுக்கு முன்னால் வளைவாக இருக்கும் 'டி'க்கு நடுவிலேயே கிடந்தால் பாதி வேலைதான் முடிந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிடத் தெரிய வேண்டும்.

டோக்கியோ ஒலிம்பிக் மகளிர் காலிறுதியில் இந்தியா ஆஸ்திரேலியாவை 1-0 என வென்றது. எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் கோல் வாய்ப்பான பெனால்டி கார்னர், ஆஸ்திரேலியாவுக்கு 7 முறை கிடைத்தும் ஒன்றுகூட கோலாகவில்லை. கோலில் நின்றவர் சவிதா புனியா. அந்த ஒரு கோல் வெற்றியானதில் அவர் பங்கை ஸ்கோர் பலகையில் தேடினால் கிடைக்காது.

நல்ல கீப்பர் கிடைத்துவிட்டால் பேக்குகள் அசந்துவிடுகிறார்கள். அதுவும் தவறு. 2024 பாரிஸ் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக இந்தியா 40 நிமிடங்களுக்கு மேல் 10 பேருடன் ஆடியது. கீப்பர் ஸ்ரீஜேஷ் பின்னால் இருக்கிறாரே என்று யாரும் நின்றுவிடவில்லை. 1-1 என முடிந்து, ஷூட் அவுட்டில் 4-2 என வென்றது. மைதானம் முழுவதும் கீப்பர் கண்ணுக்குத்தான் தெரியும். அதனால் வாய் திறந்து கத்தச் சொல்லிப் பழக்குங்கள்.

பயிற்சியில் அவரை ஃபார்வர்டுகள் அடித்துப் பழகும் பலகையாக மட்டும் நிறுத்தாதீர்கள். தினமும் 20 நிமிடம் காலால் தள்ளுவது, விழுந்து எழுவது, இடது கையால் தடுப்பது என்று தனியாகக் கொடுங்கள். ஏற்காட்டின் ஈரப்புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு வரும், கீழே சேலத்துச் செம்மண்ணில் திடீரென்று எகிறும். இரண்டிலும் நிற்கவையுங்கள். பேடும் ஹெல்மெட்டும் உடல் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் அதற்குள் நிற்பது அடுப்புக்குள் நிற்பது மாதிரி. மற்றவர்களுக்கு முன்னால் அவருக்குத் தண்ணீர் கொடுங்கள்.