ஜெர்மனியில் எண்களைப் படிப்பதும் சரிபார்ப்பதும்

ஜெர்மனிக்கு வந்த முதல் வாரத்திலேயே வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு என்று பல இடங்களில் நீங்கள் எண்களைப் படிக்கவும் எழுதிக் கொடுக்கவும் வேண்டியிருக்கும். அங்கே 1.250,50 என்று அச்சிடப்பட்டிருந்தால் அது ஆயிரத்து இருநூற்று ஐம்பது யூரோ ஐம்பது சென்ட். நாம் பள்ளியில் கற்றதற்கு நேர்மாறாக, இங்கே புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கிறது. காற்புள்ளி தசமத்தைக் காட்டுகிறது. பெட்ரோல் நிலையத்துப் பலகையில் 1,759 என்று கண்டு திகைக்க வேண்டாம். லிட்டர் விலையை மூன்று தசம இடங்களோடு எழுதுவது இங்குள்ள வழக்கம்.

லட்சம், கோடிப் பிரிப்பை அடியோடு விட்டுவிடுங்கள். ஒன்றரை லட்சத்தை 1,50,000 என்று எழுதினால் அலுவலருக்கும் புரியாது, கணினிப் படிவமும் ஏற்காது, 150.000 என்றே எழுத வேண்டும். நூறு கோடிக்கு இங்கே மில்லியார்டே என்று பெயர். பில்லியோன் என்றால் லட்சம் கோடி என்பதால், ஆங்கிலப் பழக்கத்தில் அந்தச் சொல்லைப் படிப்பவர் ஆயிரம் மடங்கு தவறிவிடுவார்.

படிவம் ஏற்க மறுக்கும் எண்ணைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை, ஏனென்றால் அதை உடனே திருத்திவிடலாம். தவறான மதிப்போடு சத்தமில்லாமல் ஏற்கப்படும் எண்ணே ஆபத்தானது. ஓர் எண்ணில் இரண்டு குறிகளும் இருந்தால், கடைசியில் வருவதே தசமக் குறி. ஒரே குறி இரண்டு முறை வந்தால் அது ஆயிரப் பிரிப்பு. ஒரே ஒரு குறி இருந்து, அதன்பின் ஓர் இலக்கமோ இரண்டு இலக்கங்களோ மட்டும் இருந்தால் பெரும்பாலும் தசமம். ஆனால் ஒரு குறிக்குப் பின் சரியாக மூன்று இலக்கங்கள் நின்றால், 1.250 போல, எண்ணை மட்டும் பார்த்து எவராலும் முடிவு சொல்ல முடியாது. அது எந்த நாட்டு ஆவணம், எந்தப் பொருளின் அளவு, எவ்வளவு இருந்தால் நம்பத்தக்கது என்பதைக் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். எடை, அளவைகளுக்கான பன்னாட்டுப் பொது மாநாடே 2003இல் தசமத்துக்குப் புள்ளி, காற்புள்ளி இரண்டையும் அனுமதித்துவிட்டு, ஆயிரங்களைப் பிரிக்க வெறும் இடைவெளியை மட்டும் விடச் சொன்னது.

அலுவலகக் கணினியில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். ஜெர்மன் அமைப்பில் உள்ள எக்செலில் ஏழரை மணி நேர வேலையை 7.5 என்று தட்டினால் அது மே மாதம் 7ஆம் தேதியாக மாறி நிற்கும். ஏழரைக்கு நம்மிடையே ஏற்கெனவே உள்ள பெயர் போதாதென்று இதுவும் சேர்ந்துகொள்கிறது. தேதியாவது கண்ணில் படும். ஊரிலிருந்து வந்த கோப்பில் ஒன்றே கால் கிலோவைக் குறிக்கும் 1.250 இங்கே ஆயிரத்து இருநூற்று ஐம்பதாகப் படிக்கப்படுவது கண்ணில் படாது. ஆகவே அட்டவணையை வெறும் எழுத்துகளாகச் சேமிக்கும் சிஎஸ்வி கோப்பை எக்செலில் நேரடியாகத் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாகக் கொண்டுவந்து, அது எந்த நாட்டு வழக்கத்தில் எழுதப்பட்டது என்பதைக் குறிப்பிடுங்கள். பின்னர் மொத்தத்தை மூல ஆவணத்தின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். சம்பளச் சீட்டிலும் மொத்தத்திலிருந்து பிடித்தங்களைக் கழித்து, கைக்கு வரும் தொகையோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு முறை பார்ப்பது நல்லது.

வங்கிச் செயலியில் தொகை எழுதும்போது ஆயிரப் பிரிப்பைத் தவிர்த்து 1250,50 என்று மட்டும் எழுதுங்கள். உறுதிப்படுத்தும் திரையில் தோன்றும் தொகையை வாய்விட்டுப் படித்த பிறகே அனுப்புங்கள்.

மருந்தில் இரட்டைக் கவனம் வேண்டும். குழந்தையின் காய்ச்சல் மருந்துக்கு 2,5 மில்லி என்று எழுதியிருப்பது இரண்டரை மில்லி. அந்தக் காற்புள்ளி மங்கியிருந்தால் இருபத்தைந்தாகத் தெரியும் என்பதால், மருந்துக் கடையிலேயே ஊசிக்குழாயில் அளவுக் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள். பிறப்பு எடை 3.450 கிராம் என்றிருந்தால், நம் வழக்கப்படி 3.450 கிலோ என்று படித்தாலும் விடை மாறாது. வைட்டமின் டி மாத்திரை உறையில் உள்ள 1.000 அலகை ஒன்று என்று படித்தால் அப்படித் தப்ப முடியாது.

உறவினரைப் பார்க்க சுவிட்சர்லாந்துக்குப் போகிறவர்கள் அங்கே 1'250.50 என்று இருப்பதைக் காண்பார்கள். அதே ஜெர்மன் மொழிதான், ஆனால் பணத்துக்குத் தசமக் குறி அங்கே புள்ளி.